என் கணவர் வீட்டில் இருப்பது தொடர்பாக

நான் சொன்ன பொய் ரொம்பச் சின்னது. டோக்கியோ ஓத்தேமாச்சியில் எங்கள் அலுவலகக் கட்டடத்தின் நிலத்தடித் தளத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. மதியம் நான்கு பேர் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தோம். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. பக்கத்தில் இருந்த எங்கள் பிரிவுத் தலைவர் மிசோ சூப்பைக் கீழே வைத்துவிட்டு, பேச்சுக்கு ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "கோஷுஜின் வா?" என்றார். உங்கள் வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்டார். "வீட்டில் இருக்கிறார்" என்று சொல்லத் தேவையான ஜப்பானிய மொழி எனக்குத் தெரியும். முதல் பாடத்திலேயே வருகிற வாக்கியம் அது. ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு. வீட்டிலிருந்தே டிசைன் வேலை பார்க்கிறார் என்று சொன்னேன். எல்லோரும் "ஓ, நல்லது" என்று தலையாட்டினார்கள். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

இதை ஒரு குட்டி அனிமே தொடரை, ஜப்பானியக் கார்ட்டூன் தொடரை, பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்தப் பொய்யைச் சொல்லாமல் தொடரைப் பற்றிச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. தொடரின் முழுப் பெயர் 'தன்னா கா நானி வோ இத்தேஇரு கா வகரனாய் கென்'. 2014 அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை 13 பகுதிகள், 2015 ஏப்ரலிலிருந்து ஜூன் வரை இன்னும் 13 பகுதிகள். ஒவ்வொன்றும் மூன்றரை நிமிடம். இரண்டு பருவத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்றரை மணி நேரம்தான், நம் ஊர்ப் படம் ஒன்று அதைவிட நீளம். கவோரு இருபத்தைந்து வயதுப் பெண், அலுவலகத்தில் வேலை பார்த்துக் களைத்து வீடு திரும்புகிறவள். அவள் கணவன் ஹாஜிமே ஒடாகு, அதாவது அனிமே பைத்தியம், வீட்டை விட்டு அதிகம் வெளியே வராதவன், வலைப்பதிவு எழுதிக் கொஞ்சம் காசு பார்க்கிறவன். அவன் பேசுவதில் பாதி இணையக் கூட்டத்தின் மொழி. அவளுக்கு அந்த உலகமே தெரியாது. இந்த இரண்டு பேர், ஒரு வீடு, அப்புறம் பெண் உடை உடுத்திக்கொண்டு ஆண்-ஆண் காதல் மங்கா (ஜப்பானியப் படக்கதை) வரைகிற ஹாஜிமேயின் தம்பி மயோதமா, இப்படி இன்னும் சிலர். கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது.

எங்கள் வீட்டில் சம்பாதிக்கிறவள் நான். எனக்குத்தான் டோக்கியோவில் வேலை கிடைத்தது, எனக்குத்தான் பொறியாளர் விசா. என் கணவர் 'குடும்பத் தங்கல்' விசாவில் வந்தவர். அந்த விசாவில் வந்தவர்கள் தனியாக அனுமதி வாங்கிக்கொண்டு வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம். வேலை தரும் இடத்தில் மொழி கேட்பார்கள். மொழி வர ஒரு வருடம் ஆகும். நாங்கள் குடியிருக்கும் நிஷிகசாயில் இந்தியக் குடும்பங்கள் நிறைய. எங்கள் அடுக்குமாடியிலேயே நான்கு தமிழ் வீடுகள் இருந்தன. அந்த நான்கு வீட்டிலும் இதே விசாவில் வந்து, படித்த படிப்பைப் பெட்டியில் வைத்துவிட்டு, சமைத்துக்கொண்டு, குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டு ஒருவர் வீட்டில்தான் இருந்தார். நான்கு பேருமே பெண்கள். அவர்களைப் பற்றி யாரும் யாரிடமும் பொய் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. சொல்ல வேண்டிய தேவையே வந்திருக்காது. இது எனக்கு அப்போது உறைக்கவில்லை. வாரா வாரம் ஈரோட்டிலிருந்து அம்மா போன் செய்து, "ஏன் கண்ணு, மாப்பிள்ளைக்கு வேலை ஏதாச்சும் அமைஞ்சுதா?" என்று கேட்கும்போதெல்லாம் நான் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் பதில் சொன்னேன்.

உயேனோ

பொய் எட்டு மாதம் உயிரோடு இருந்தது. அதை நான் மறந்தேபோனேன் என்றுதான் நினைத்தேன். மார்ச் கடைசியில் உயேனோ பூங்காவில் அலுவலகத்தின் ஹனாமி, பூப் பார்க்கிற விருந்து. சகுரா என்கிற செர்ரி மரங்களுக்கு அடியில் நீலப் பாயை விரித்து உட்கார்ந்து சாப்பிட்டுக் குடிக்கிற அந்த ஒரு நாளுக்கு, காலையிலேயே போய் இடம் பிடித்து வைப்பது புதிதாகச் சேர்ந்தவர்களின் வேலை. நானும் இன்னொரு பையனும் ஏழரை மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டோம். குடும்பத்தையும் அழைத்து வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். என் கணவர் பதினோரு மணிக்கு இரண்டு பெரிய டப்பாவில் எலுமிச்சை சாதத்தோடு வந்தார். வறுத்த வேர்க்கடலையைத் தனியாகக் கொண்டு வந்து, சாப்பிடும்போதுதான் மேலே தூவினார், நமத்துப்போகக் கூடாதாம். எல்லோரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். நான் சந்தோஷமாக இருந்தேன். அப்போது பிரிவுத் தலைவர் இவர் பக்கம் திரும்பி, கையில் இருந்த பீர்க் குவளையைக் கொஞ்சம் உயர்த்தி, டிசைன் வேலை கஷ்டமாக இருக்குமே, வீட்டிலிருந்தே செய்வதென்றால் இன்னும் கஷ்டம் இல்லையா என்று கேட்டார்.

எனக்கு முதுகு சில்லிட்டது. இவருக்கு அந்தப் பொய் தெரியாது. நான் சொல்லியிருக்கவில்லை. இவர் ஒரே ஒரு முறை என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று கேட்டால், கண்ணிமைக்கிற நேரம் என்றுதான் சொல்வேன். அப்புறம் அவரைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தி, "இயா இயா, மதா மதா தெஸு" என்றார். இல்லையில்லை, நான் இன்னும் தேறவேண்டியது நிறைய இருக்கிறது என்று அர்த்தம். ஜப்பானில் யாராவது உங்கள் வேலையையோ மொழியையோ பாராட்டினால் எல்லோரும் சொல்கிற பணிவான பதில்தான். பிரிவுத் தலைவர் சிரித்து, குவளையை இவர் குவளையோடு முட்டினார்.

அந்தப் பதிலை நான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை. ஆமாம், டிசைன் வேலைதான் என்று ஒரு வார்த்தை வரவில்லை. என்னையும் காட்டிக்கொடுக்கவில்லை. எட்டு மாதமாக நான் மூடி வைத்திருந்த ஒன்றை அரை நொடியில் புரிந்துகொண்டு, அதற்குள் தான் நுழையாமலும், என்னை வெளியே தள்ளாமலும், அந்த மொழியில் அவருக்கு இருந்த கொஞ்ச அறிவில் மிகச் சரியான வாக்கியத்தை எடுத்து வைத்தார். அதைச் சொல்ல வேண்டிய நிலைமையில் அவரை நிறுத்தியது நான். ஹிபியா ரயிலில் காயாபாச்சோ வரைக்கும் வந்து, தோசாய் ரயிலுக்கு மாறி, வீடு வருகிறவரை அவர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. காலி டப்பாக்களை மடியில் வைத்துக்கொண்டு, எலுமிச்சை இன்னும் ஒன்று பிழிந்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

அன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு, "இதப் பாரு, மூணரை நிமிஷந்தான்" என்று மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். அதுதான் இந்தத் தொடரின் முதல் பகுதி.

எனக்குக் கோபம் வந்தது. வேலைக்குப் போகும் மனைவி, வீட்டில் உட்கார்ந்திருக்கும் கணவன். நேரில் கேட்க முடியாததைப் படம் போட்டுக் காட்டுகிறார் என்றே நினைத்தேன். மூன்றரை நிமிடம் முடிந்ததும், "இவன் சும்மா உக்காந்திருக்கான், இவ சம்பாதிச்சுப் போடறா, இதுல சிரிக்க என்ன இருக்குதுங்க?" என்று கேட்டேன். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. இணையத்தில் பேசுகிற ஜப்பானிய மொழி பழக இது நல்லது, பகுதிகளும் சின்னச் சின்னது, நீயும் ரயிலில் பார்க்கலாமே என்றுதான் காட்டினாராம். நான் நம்பவில்லை. அப்படியே எழுந்துபோய்ப் படுத்துவிட்டேன். பாத்திரம் கழுவுகிற சத்தம் வெகு நேரம் கேட்டது.

நான்கு கட்டம்

அவருக்கு எதிராக வாதாட ஆதாரம் தேடித்தான் மீதியைப் பார்த்தேன். நிஷிகசாயிலிருந்து ஓத்தேமாச்சி வரை மினாமிசுனாமாச்சி, தோயோச்சோ, கிபா, மொன்ஸென்நகாச்சோ, காயாபாச்சோ, நிஹோம்பாஷி என்று ஆறு நிறுத்தம் நடுவில். டோக்கியோவிலேயே மோசமான நெரிசல் உள்ள தடங்களில் ஒன்று இது. கிபாவைத் தாண்டினால் கையை உயர்த்தக்கூட இடம் இருக்காது. கைபேசியை மார்போடு ஒட்டி வைத்துக்கொண்டு காலையில் நான்கு பகுதி, மாலையில் நான்கு பகுதி பார்த்தேன். அந்த நெரிசலில் நின்று பார்த்தபோதுதான் தொடரின் அளவு எனக்குப் பிடிபட்டது. கவோருவைப் போல வேலைக்குப் போகிறவளுக்குத் தன் கணவனோடு ஒரு வார நாளில் எவ்வளவு நேரம் கிடைக்கும்? செருப்பைக் கழற்றுகிற நேரம், சாப்பாட்டுக்கு முன்னால் பத்து நிமிடம், பல் துலக்கும்போது ஒரு வாக்கியம். திருமணம் அப்படித் துண்டு துண்டாகத்தான் நடக்கிறது. காதல் கதைக்கு நீளம் வேண்டும், தயக்கம் வேண்டும், மழையில் ஓட வேண்டும். ஜப்பானியக் காதல் தொடர்கள் பெரும்பாலும் ஒருவர் மற்றவரிடம் மனதைச் சொல்கிற இடத்தில் முடிந்துவிடுகின்றன. இது அதற்கெல்லாம் பிறகு, குளிர்சாதனப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்கிற இடத்தில் தொடங்குகிறது.

மூலம் ஒரு நான்கு கட்ட மங்கா, 'யோன்கோமா' என்பார்கள். எழுதி வரைந்தவர் கூல்க்யோஷின்ஜா, பின்னாளில் கியோத்தோ அனிமேஷன் எடுத்த டிராகன் பணிப்பெண் கதையும் அவருடையதுதான். குடும்ப வாழ்க்கையை நான்கு கட்டத்தில் வரைகிற பழக்கம் அங்கே பழையது. 1946இல் செய்தித்தாளில் தொடங்கிய 'ஸாஸாஏ-ஸான்' குடும்பம் 1969லிருந்து இன்றும் ஞாயிறு மாலை தொலைக்காட்சியில் வந்துகொண்டிருக்கிறது. கி, ஷோ, தென், கெத்ஸு என்று நான்கு படி சொல்வார்கள். எடுத்துவைப்பது, வளர்ப்பது, திருப்புவது, முடிப்பது. சீனக் கவிதையிலிருந்து வந்த வரிசை அது. இந்தத் தொடரில் ஹாஜிமே எதையாவது சொல்லி வளர்த்துத் திருப்புகிறான். நான்காவது கட்டம் பெரும்பாலும் கவோருவுடையது. அவள் முகம் மாறும், அல்லது அவனை ஒரு தட்டு தட்டுவாள், அல்லது வெட்கப்பட்டுப்போவாள். பல நகைச்சுவைகளில் மனைவி என்பவள் சிரிப்பைக் கெடுக்க வருகிறவள். இங்கே அவளிடம் போய்ச் சேராமல் நகைச்சுவை முடிவதில்லை. கவோருவுக்குக் குரல் கொடுத்த தமுரா யுகாரியின் குரலில் களைப்பும் பிரியமும் ஒன்றாகவே வருகின்றன, எது எங்கே முடிகிறது என்று பிரிக்க முடியவில்லை. ஹாஜிமேயின் குரல் ஸுஸுமுரா கென்இச்சி. அவர் பேசுகிற வேகத்தில் கவோருவுக்கு மட்டும் இல்லை, எனக்கும் ஒன்றும் புரியவில்லை.

புரியவில்லை என்பதில் எனக்கு ஒரு தனிக் கதை இருக்கிறது. நானும் இவரும் ஒரே நேரத்தில்தான் ஜப்பானிய மொழி கற்க ஆரம்பித்தோம், ஆனால் கற்றது ஒரே மொழி இல்லை. நான் கற்றது அலுவலக மொழி. 'ஒஸெவா நி நத்தே ஒரிமஸு' , உங்கள் ஆதரவுக்கு நன்றி, என்று தொடங்காமல் எனக்கு மின்னஞ்சல் எழுத வராது. இவர் கற்றது இணைய மொழி. சிரிப்பு வந்தால் 'குஸா' என்பார். குஸா என்றால் புல். சிரிப்பைக் குறிக்கும் வார்த்தையின் முதல் எழுத்தை ஆங்கில 'டபிள்யூ'வாக வரிசையாகத் தட்டுவார்களாம், அது பார்க்கப் புல் முளைத்த மாதிரி இருக்கும், அதனால் சிரிப்புக்கே புல் என்று பெயர் வந்துவிட்டது. பிடித்த அனிமேப் பெண்ணை 'ஒரே நோ யோமே', என் மனைவி, என்று ஒடாகுக்கள் சொல்வார்கள். இப்படிச் சொல்லிப் பழகியவனுக்கு நிஜ மனைவி ஒருத்தி எதிரே உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தத் தொடரின் பாதி வேடிக்கை. இவர் இதையெல்லாம் எனக்கு விளக்கிச் சொல்ல வந்த நாட்களில் நான் கைபேசியைப் பார்த்துக்கொண்டே 'ம்' போட்டிருக்கிறேன். கவோரு 'ம்' போடுவதில்லை. அதென்ன என்று கேட்கிறாள். புரியாமல் போனாலும் அடுத்த முறையும் கேட்கிறாள்.

தலைப்பிலேயே அது இருக்கிறது. கடைசியில் வரும் 'கென்' என்ற சொல் எனக்கு அலுவலகத்தில் தினமும் கண்ணில் படுகிற சொல். மின்னஞ்சல் தலைப்பில் 'கூட்டம் நோ கென்', 'விலைப்பட்டியல் நோ கென்' என்று போடுவார்கள். இணைய அரட்டைப் பலகைகள் அதை எடுத்துக்கொண்டு, சொந்தக் கதையைச் சொல்லத் தலைப்பு வைக்கும் பாணியாக்கிவிட்டன. நம் ஊர் அரசுக் கடிதத்தில் 'பொருள்' என்று போட்டு, ஒரு கோடு இழுத்து, 'தொடர்பாக' என்று முடிப்போமே, அப்படியே அதுதான். என் கணவர் என்ன பேசுகிறார் என்றே எனக்குப் புரியாதது தொடர்பாக. என் மொழியும் இவர் மொழியும் அந்த ஒரு சொல்லில் சேர்ந்து இருந்ததை ஒரு நாள் கிபா நிறுத்தத்தில் திடீரென்று கவனித்தேன்.

தன்னா

சனிக்கிழமை காலைகளில் வட்டார மையத்தில் ஒரு இலவச ஜப்பானிய வகுப்பு நடக்கும். ஓய்வு பெற்ற ஒரு அம்மாள் சொல்லித்தருவார். இருவருமே போவோம். ஒரு நாள் கணவன் மனைவியைக் குறிக்கும் சொற்களைப் பலகையில் எழுதினார். பிறர் மனைவியை 'ஒகுஸான்' என்கிறோம், ஒகு என்றால் வீட்டின் உள்பகுதி. தன் மனைவியை 'கனாய்' என்பது பழைய வழக்கம், வீட்டுக்குள் என்று பொருள். 'யோமே' என்ற எழுத்தில் பெண்ணும் வீடும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. எனக்கு ஆச்சரியமாக இல்லை. இல்லாள், மனைவி, மனையாள் என்று வீட்டை வைத்துப் பெண்ணுக்குப் பெயர் வைத்த மொழியிலிருந்துதானே வருகிறேன். 'உச்சி நோ' என்று தொடங்கிக் கணவரைச் சொல்வதும் அப்படித்தான், உச்சி என்றால் வீடு. எங்கள் அம்மா அப்பாவின் பெயரைச் சொல்லாமல் 'எங்க வீட்டுல' என்று சொல்வதை அப்படியே மாற்றி வைத்த மாதிரி இருந்தது. 'ஷுஜின்' என்றால் எஜமானர், 'ஒத்தோ' என்றால் வெறும் கணவன்.

கடைசியாக 'தன்னா' என்று எழுதினார். பேச்சு வழக்கில் என் வீட்டுக்காரர் என்று சொல்கிற மாதிரி. எழுதிவிட்டு எங்கள் இருவரையும் பார்த்து, இது உங்கள் ஊரிலிருந்து புத்தரோடு வந்த சொல், உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே என்றார். எனக்குத் தெரியவில்லை. இவர்தான் மெதுவாக, "தானம்?" என்று கேட்டார். ஆமாம் என்று அந்த அம்மாள் கைதட்டினார். சமஸ்கிருத தானம், சீனம் வழியாக ஜப்பான் போய்த் தன்னா ஆகியிருக்கிறது. முதலில் கொடுப்பது என்று பொருள். அப்புறம் கோயிலுக்குக் கொடுக்கிறவர், துறவிகளைப் பேணுகிற வீட்டுக்காரர். அதன் பிறகு வேலைக்காரர்களுக்குக் கூலி கொடுக்கிற கடை முதலாளி. கடைசியில் வீட்டுக்குக் கொடுக்கிற கணவன்.

அப்படியானால் சம்பளம் கொண்டுவருகிற கவோருதான் தன்னா என்று எனக்குத் தோன்றியது. வகுப்பில் அதையே சொன்னேன், அந்த அம்மாள் சிரித்தார். பிறகு நிஷிகசாய் நிலையத்தைத் தாண்டி, பாலத்துக்கு அடியில் நடந்து வரும்போது, அந்தச் சொல் என் கணவர் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் ஒன்பது வருடம் மெர்ச்சண்டைசராக இருந்தவர். துணி வரும் முன்னாலேயே நிறம் ஒத்துப்போகுமா என்று சொல்லிவிடுவார், பையருக்கு அனுப்பும் சாம்பிளில் தையல் ஒரு நூல் விலகியிருந்தாலும் திருப்பி அனுப்புவார். எனக்கு டோக்கியோ கடிதம் வந்த அன்று சாயங்காலம், அடுத்த வேளைச் சாப்பாட்டுக்குள், "சரி, போலாம்" என்று சொல்லிவிட்டார். நான் அதை ஒரு கொடை என்று நினைக்கவே இல்லை. எங்கள் அடுக்குமாடிப் பெண்கள் தங்கள் கணவர்களோடு வந்ததையும் கொடை என்று யாரும் நினைக்கவில்லை, அது எனக்கு இன்னொரு வருத்தம். அதைத் தனியாக எழுத வேண்டும். ஆனால் இவர் கொடுத்த அந்த ஒன்பது வருடத்தைத்தான் நான் சாப்பாட்டு மேசையில் 'டிசைன் வேலை' என்று பெயர் மாற்றிச் சொன்னேன். அவர் வீட்டில் இருப்பது வெட்கப்பட வேண்டிய காரியம் என்று முடிவு செய்தது பிரிவுத் தலைவர் இல்லை. அவர் கேள்விதான் கேட்டார்.

அன்று நடந்துகொண்டே மன்னிப்புக் கேட்டேன். உயேனோவைச் சொல்கிறேன் என்று இவருக்கு உடனே புரிந்தது. "எனக்குக் கஷ்டமா இருந்துச்சு" என்றார். பரவாயில்லை என்று சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் அப்படிச் சொல்லாததுதான் சரி.

இரண்டாவது பருவம்

முதல் பருவத்தின் முடிவில் கவோரு கருவுற்றிருப்பது தெரியவருகிறது. இரண்டாவது பருவம் முன்னும் பின்னும் போகிறது, அவர்கள் சேர்ந்த கதையும் வருகிறது, பெற்றோராகப் போவதும் வருகிறது. ஹாஜிமே தன்னைத் திருத்திக்கொள்ளப் பார்க்கிறான், மனைவிக்காக. இயக்குநர் நகாய் ஷின்பேயும் ஸெவன் ஸ்டூடியோவும் முதல் பருவத்தில் பிடித்த அதே வேகத்தைத்தான் இதிலும் பிடித்திருக்கிறார்கள். ஆனால் எனக்கு இங்கேதான் தொடரோடு சண்டை. இன்னும் தீரவில்லை.

ஜப்பானில் குடும்பத்தைத் தாங்குகிறவரை 'தைகோகுபஷிரா' என்பார்கள், வீட்டின் நடுவில் நிற்கிற பெரிய தூண். முதல் பருவம் முழுக்க அந்தத் தூணாக ஒரு பெண் நின்றாள், அதைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்யவில்லை, வீடு விழவும் இல்லை. அதுதான் எனக்கு அதில் பெரிய ஆறுதல். குழந்தை வந்ததும் ஆணைத் தேற்றித் தூணாக்கப் பார்ப்பது பழைய கணக்குக்கே திரும்பிப் போவது மாதிரி எனக்குப் பட்டது. அவன் இருந்தபடி இருந்தாலே கவோருவுக்குப் பிடித்திருந்தது. அது போதாதா? பிரசவத்துக்கு முன் ஆறு வாரம், பின் எட்டு வாரம் விடுப்பு என்று அந்த நாட்டுச் சட்டத்தில் இருக்கிறது. அவள் திரும்பி வேலைக்குப் போவாள், அவன் குழந்தையைப் பார்த்துக்கொள்வான் என்று எழுதியிருந்தால் நான்கு கட்டத்தில் இன்னும் எத்தனையோ வேடிக்கை கிடைத்திருக்கும்.

இதை இவரிடம் சொன்னபோது இவர் ஒத்துக்கொள்ளவில்லை. சமையலறை மேடையில் வெங்காயம் அரிந்துகொண்டே, "அவளுக்குப் போதும். அவனுக்குப் போதுமான்னு கேட்டியா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. வீட்டில் இருப்பதில் எனக்கு வெட்கம் இல்லை, ஆனால் எனக்கு என் வேலை பிடிக்கும், துணியைத் தொட்டுப் பார்த்து ஒன்றரை வருடம் ஆகிறது என்றார். நான் அவரைக் குறை சொல்லாமல் இருக்கக் கற்றுக்கொண்டதையே பெரிதாக நினைத்துக்கொண்டு, அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்காமலே இருந்திருக்கிறேன். இரண்டாவது பருவம் பற்றி என் அபிப்பிராயம் அதற்காக மாறிவிடவில்லை. கவோருவைத் தூணாகவே விட்டிருக்கலாம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் ஹாஜிமேயின் முகத்தை இப்போது வேறு மாதிரிப் பார்க்கிறேன். தோற்றுப்போனவன் திருந்தப் பார்க்கிறான் என்று முதலில் பட்டது. இப்போது, தானும் ஏதாவது கொடுக்க ஆசைப்படுகிறவன் என்று படுகிறது. இரண்டும் ஒரே காட்சியில்தான் இருக்கின்றன. எங்கள் வீட்டில் இந்த விவாதம் மாதம் ஒரு முறையாவது நடக்கிறது.

அடுத்த வாரம் இருவரும் உட்கார்ந்து, டோக்கியோவில் துணி மொத்தக் கடைகள் எங்கே இருக்கின்றன என்று தேடினோம். நிப்போரியில் ஒரு தெருவே துணிக்கடைகள். ஞாயிற்றுக்கிழமை அநேகம் கடைகள் மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமை வகுப்பு முடிந்து போனோம். இவர் ஒரு கடையில் முக்கால் மணி நேரம் ஒரே பருத்தித் துணியின் மடிப்பைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார், விரலால் தேய்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து. என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். நூலின் முறுக்கு, ஜிஎஸ்எம், சாயம் ஏறிய விதம் என்று சொல்லிக்கொண்டே போனார். பாதி புரியவில்லை. ஜிஎஸ்எம் என்றால் என்ன என்று கேட்டேன். ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். கல்யாணமாகி ஏழு வருடம், அந்தச் சொல்லை அதற்கு முன் இவர் வாயில் ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன்.

பிரிவுத் தலைவரிடம் உண்மையைச் சொன்னது அதே சாப்பாட்டுக் கடையில், ஒரு வெள்ளிக்கிழமை. ஷுஜின் என்று சொல்லாமல், ஒத்தோ வீட்டில் இருக்கிறார், முன்பு ஜவுளித் துறையில் இருந்தார், எனக்காக வேலையை விட்டுவிட்டு வந்தார், போன வருடம் நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று, மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். அவர் "ஆ, ஸோ தெஸு கா" என்றார், அப்படியா என்று. கொஞ்ச நேரம் சாப்பிட்டார். அப்புறம், அந்த மஞ்சள் சோற்றில் கடலையைக் கடைசியில்தான் போட வேண்டுமா, சமைக்கும்போதே போடலாமா என்று கேட்டார்.

அன்று மாலை இவரிடமிருந்து கைபேசியில் செய்தி வந்தது. தலைப்பு 'பால் நோ கென்'. உள்ளே என் அலுவலக மொழியில், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல், 'ஒஸெவா நி நத்தே ஒரிமஸு' என்று தொடங்கி, வரும்போது ஒரு லிட்டர் வாங்கி வருமாறு பணிவுடன் கேட்டிருந்தார். நான் நிஹோம்பாஷியைத் தாண்டும்போது 'குஸா' என்று பதில் அனுப்பினேன்.